தாதுவுக்கு மேலே கிடக்கும் மணல்

ஆகஸ்ட் 29, 2023, செவ்வாய். மேடிசன்

காலை முழுக்கப் பல்கலைக்கழக நூலகம். மகள் வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்தவன், விஸ்கான்சின் மாநிலத்தின் கனிம வரைபடத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன். பழக்க தோஷம். வரைபடத்தின் வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, லேடிஸ்மித்தில் தொடங்கி ரைன்லாண்டரைத் தாண்டி ஓடுகிறது ஒரு எரிமலைப் பாறைப் பட்டை. வயது ஏறத்தாழ 187 கோடி ஆண்டு. அதன்மேல் ஆங்காங்கே புள்ளிகள்: ஃப்ளாம்போ, பெண்ட், லின், பெலிகன் ரிவர். கிழக்குப் பக்கம் உள்ள புள்ளிதான் எல்லாவற்றிலும் பெரியது. கிராண்டன்.

மே, ஷ்மிட் இருவரும் 1982இல் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எக்ஸான் நிறுவனத்தின் கனிமப் பிரிவு 1975இல் கண்டுபிடித்த இடம். எண்ணெய்க் கம்பெனிகள் உலோகம் தேடக் கிளம்பிய காலம் அது. ஏறத்தாழ 6 கோடி டன் தாது. துத்தநாகம் 5.6 சதவீதம், செம்பு 1.1 சதவீதம், கொஞ்சம் ஈயம், வெள்ளி, தங்கம். நீளம் ஒன்றரை கிலோமீட்டர், அகலம் சுமார் 30 மீட்டர், ஆழம் 650 மீட்டருக்கும் மேல். வட அமெரிக்காவில் இந்த வகையில் பெரிய கட்டிகளைப் பட்டியல் போட்டால் இதற்கு நிச்சயம் இடமுண்டு.

ஆனால் அரை நூற்றாண்டாக ஒரு டன்கூட வெளியே வரவில்லை. இதைவிடச் சிறியதை, தரம் குறைந்ததை எல்லாம் தோண்டியெடுத்ததைப் பார்த்தவன் நான். ஏன் இது மட்டும் கிடக்கிறது? யாரைக் கேட்டாலும், "மக்கள் எதிர்த்தார்கள்" என்பார்கள். உண்மைதான். ஆனால் உலகம் முழுக்க மக்கள் எதிர்க்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் சுரங்கம் வந்துவிடுகிறது. இங்கே எதிர்ப்பின் கையில் ஏதோ வலுவான ஆதாரம் இருந்திருக்க வேண்டும். அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை முதல் திங்கள்வரை நீண்ட விடுமுறை. மாப்பிள்ளை வண்டி ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 31, வியாழன். மவுண்ட் ஹோரெப்

மாநிலப் புவியியல் ஆய்வகத்தின் கோர் கிடங்கு இந்த ஊரில்தான். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். வடக்கு எரிமலைப் பட்டையிலிருந்து வந்த சில பெட்டிகளை மேசையில் எடுத்து வைத்திருந்தார்கள். லென்ஸ், காந்த முனை, ஒரு புட்டி தண்ணீர். வேறென்ன வேண்டும்!

முதல் பெட்டியில் ரயோலைட் டஃப். வெளிர் சாம்பல் நிறம். செரிசைட் ஏறி விரலில் வழுக்குகிறது. அடுத்ததில் பச்சை கூடுகிறது: குளோரைட். பச்சைக்குள் மஞ்சள் நரம்புகள், சால்கோபைரைட். அதற்கும் அடுத்த பெட்டியில் பாறை என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. முழுக்க சல்ஃபைடு. பைரைட்டின் பொடிமணிகளுக்கு நடுவே தேன் நிறத்தில் ஸ்பேலரைட் வரி வரியாக. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு "வேண்டாம்" என்றது. ரயோலைட்டின் அடர்த்தி 2.6 என்றால் இது 4க்கும் மேல்.

இந்த மூன்று பெட்டிகளில் ஒரு கடலடி வெந்நீர் ஊற்றின் வரலாறு முழுசாக இருக்கிறது. கடல்நீர் விரிசல் வழியாக இறங்கும். கீழே எரிமலைக் குழம்பின் சூட்டில் 300 டிகிரிக்கு மேல் கொதித்து, போகிற வழியெல்லாம் பாறையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு திரும்ப மேலேறும். ஏறும் பாதையில் இருக்கும் பாறை குளோரைட்டாக மாறும். சூடு அதிகமுள்ள அந்தக் கீழ்ப்பகுதியில் செம்பு முதலில் தங்கும். கடல்தரையை முட்டி, குளிர்ந்த நீரில் கலந்ததும் மிச்சம் எல்லாம் சட்டென்று படிந்துவிடும்: பைரைட், துத்தநாகம், ஈயம். ஆகவே அடியில் செம்பு, மேலே துத்தநாகம். இந்த வரிசை தெரிந்தால், தலைகீழாகப் புரண்ட மலையிலும் எது மேல், எது கீழ் என்று சொல்லிவிடலாம். கிராண்டனில் அது ரொம்ப உதவியது. பிற்காலக் கண்ட மோதலில் அடுக்குகள் மடிந்து எழுந்து, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அலமாரியில் நிறுத்தியதுபோல, மொத்தக் கட்டியும் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கிறது.

ஒரு விஷயம் இன்று மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. கிராண்டனில் துளை போட்டது 1975இல். கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில் கறும்புகை கக்கும் ஊற்றுகளை ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் கண்ணால் பார்த்தது 1979இல். ஜப்பானின் குரோக்கோ தாதுக்களை வைத்து இப்படித்தான் நடந்திருக்கும் என்று புவியியலாளர்கள் ஏற்கெனவே ஊகித்திருந்தார்கள். ஆனாலும் உருவாகும் விதத்தை ஒருவரும் கண்ணால் காணாத காலத்திலேயே, அப்படி உருவானதைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தொழிலின்மீது கொஞ்சம் கர்வம் வருகிறது.

இந்தத் தாதுக்களில் எல்லாம் பொதுவாக இருப்பது கந்தகம். அது இல்லாவிட்டால் உலோகம் கடலில் கரைந்து போயிருக்கும். தாதுவைப் பிடித்து வைத்ததே அதுதான். பெட்டிகளில் கண்ணுக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் பைரைட். விற்பதற்கு லாயக்கில்லாத கந்தகமும் இரும்பும். சுரங்கம் போட்டால் அது அப்படியே கழிவுக்குத்தான் போகும்.

செப்டம்பர் 1, வெள்ளி. லேடிஸ்மித்

விடியற்காலையில் கிளம்பினோம். மகள் பின்சீட்டில் தூக்கம். மாப்பிள்ளை வழியில், "மாமா, கிராண்டன் கிழக்கே இருக்கு, நாம ஏன் வடமேற்கே போறோம்?" என்று கேட்டார். "முதல்ல தோண்டினதைப் பாருங்க மாப்பிள்ளை, அப்புறம் தோண்டாததைப் பாக்கலாம்" என்றேன்.

ஃப்ளாம்போ சுரங்கம் இருந்த இடம் இப்போது புல்வெளி. நடைபாதை போட்டிருக்கிறார்கள். 1968இல் கண்டுபிடித்து, 1993இலிருந்து 1997வரை தோண்டினார்கள். குழியின் பரப்பு 32 ஏக்கர்தான். ஆனால் அதிலிருந்து எடுத்தது 1,81,000 டன் செம்பு, 3,34,000 அவுன்ஸ் தங்கம், 33 லட்சம் அவுன்ஸ் வெள்ளி. இவ்வளவு சின்னக் குழியில் இவ்வளவு எப்படி?

பதில் பாறைச் சிதைவில் இருக்கிறது. அதுவும் 50 கோடி ஆண்டுக்கு முந்தையது. கட்டியின் தலைப்பகுதி பழங்காலத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து சிதைந்தது. மழைநீர் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே சால்கோசைட்டாகப் படியவைத்தது. தங்கம் மேலே துருப்பிடித்த தொப்பியில் தங்கிவிட்டது. பிறகு கேம்பிரியக் கடலின் மணல் ஏறி மூடியதால் அந்த வளமான அடுக்கு தப்பித்தது. தாது ஏறத்தாழ 10 சதவீதம் செம்பு என்பதால் இங்கே அரைத்துப் பிரிக்கவே இல்லை. அப்படியே ரயிலில் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அரைத்த கழிவுக்குளம் என்று ஒன்று இங்கே கிடையாது.

குழியை மூடும்போது கழிவுப் பாறையோடு சுண்ணாம்புக்கல்லைக் கலந்து நிரப்பினார்கள். பைரைட்டில் காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் கந்தக அமிலம். சுண்ணாம்பு அதை முறிக்கும். சரியான வேலைதான். இருந்தும் பக்கத்து ஓடையில் செம்பின் அளவு பற்றி வழக்கு வந்தது. 2012இல் கீழ் நீதிமன்றம் ஒரு மாதிரி தீர்ப்புச் சொல்ல, 2013இல் மேல்முறையீட்டில் அது மாறியது.

ஃப்ளாம்போ நதி சுரங்கக் குழியிலிருந்து 140 அடி தூரம்தான். கரையில் நின்றபோது மகள், "இவ்வளவு கிட்டவா அப்பா?" என்றாள். ஆமாம், இவ்வளவு கிட்ட. கிராண்டனை நினைக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே தோண்டியது 20 லட்சம் டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. அங்கே கிடப்பது அதைப்போல் முப்பது மடங்கு. அதை அங்கேயே அரைத்தாக வேண்டும்.

செப்டம்பர் 2, சனி. ரைன்லாண்டர்

இன்று முழுக்க 8ஆம் எண் நெடுஞ்சாலை. எரிமலைப் பட்டையின் போக்கிலேயே இந்தச் சாலையும் கிழக்கே ஓடுவது எனக்கு வசதி. ஆனால் வழிநெடுக ஒரு எரிமலைப் பாறைகூடக் கண்ணில் படவில்லை. காடு, சதுப்பு, ஏரி, மறுபடி காடு. எரிமலையைக் காட்டுவதாகச் சொல்லி மாப்பிள்ளையை இவ்வளவு தூரம் இழுத்து வந்தவன், மூன்று மணி நேரமாகப் பைன் மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பனியாற்றின் வேலை. கடைசிப் பனியுகத்துக்கு வட அமெரிக்காவில் இந்த மாநிலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பனிப்பாளம் வடக்கிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த மணலையும் சரளையையும் களிமண்ணையும் இங்கே கொட்டிவிட்டு, பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் உருகிப்போனது. புதைந்து கிடந்த பனிக்கட்டிகள் உருகிய பள்ளங்கள்தான் இந்த எண்ணற்ற ஏரிகள். கிராண்டனில் தாதுவின் தலை இந்தக் குவியலுக்கு அடியில், பல இடங்களில் 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலே நடந்துபோகிறவனுக்கு ஒரு துப்பும் கிடைக்காது. சுத்தியலால் தட்டிப் பார்க்கப் பாறை இல்லை. ஓடை மணலைச் சோதித்தால் அது வடக்கே எங்கிருந்தோ வந்த மணல்.

அதனால்தான் இங்கே தேடல் விமானத்திலிருந்து தொடங்கியது. விமானத்தைச் சுற்றிக் கட்டிய கம்பிச் சுருளில் மின்துடிப்பை அனுப்பி நிறுத்துவார்கள். கீழே மின்சாரம் கடத்தும் பொருள் இருந்தால், அதில் தூண்டப்பட்ட மின்னோட்டம் உடனே அணையாமல் சற்று நேரம் நிற்கும். அந்த எதிரொலியைப் பின்னால் இழுத்துவரும் உணர்கருவி பிடிக்கும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் இணைந்து கிடக்கும் கட்டி நன்றாகப் பதில் சொல்லும். துத்தநாகத்தின் ஸ்பேலரைட் சொல்லாது. அது கடத்தி இல்லை. ஆக, துத்தநாகம் தேடுகிறவர்கள் அதன் கூட்டாளிகளைத் தேடுகிறார்கள். கிராஃபைட் கலந்த பழைய சேறும் அதே பதிலைச் சொல்லி ஏமாற்றும். கனடாவின் கிட் கிரீக்கில் 1963, 64 வாக்கில் இந்த முறை கொடுத்த வெற்றிக்குப் பிறகு எல்லோரும் விமானம் ஏறினார்கள். வானத்திலிருந்து கிடைத்த குறியைத் தரையில் மறுபடி அளந்து, ஈர்ப்பு விசையும் பார்த்து, அதன் பிறகுதான் வைரமுனைத் துளை. எத்தனையோ குறிகளில் துளை போட்டு, கிராஃபைட்டும் வெறும் பைரைட்டும் மட்டுமே பார்த்துத் திரும்புகிற வாழ்க்கை இது. கிராண்டனில் முதல் பெரிய தாது கோர் பெட்டிக்குள் வந்து விழுந்தபோது அந்தத் துளையடியில் நின்றவர்களின் மகிழ்ச்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

இரவு ரைன்லாண்டரில் தங்கல். ஊரின் அடையாளம் ஹோடாக் என்ற பச்சை நிறக் கொம்பு மிருகத்தின் சிலை. 1890களில் ஒரு உள்ளூர்க்காரர் கட்டிவிட்ட கதை. மகள் சிலையோடு படம் எடுத்துக்கொண்டாள். இந்த ஒனைடா கவுண்டியில்தான் லின் என்ற இன்னொரு சல்ஃபைடு கட்டி இருக்கிறது. 2018 நவம்பரில் அதைத் தோண்டலாமா என்று ஆலோசனை வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் "வேண்டாம்" என்றார்கள்.

செப்டம்பர் 3, ஞாயிறு. கிராண்டன், மோல் லேக்

கிராண்டனுக்குள் நுழைய ஒரு மணி நேரம். விடுமுறை வாரத்தில் இங்கே பந்தய டிரக்குகளின் உலகப் போட்டி நடக்குமாம். கரடுமுரடான மண் பாதையில் டிரக்குகள் பாய்வதைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் கூட்டம். ஊரே புழுதியும் இன்ஜின் சத்தமும் வறுத்த சோள வாசனையும். "அப்பா, இங்க சுரங்கம் வந்திருந்தா இதைவிட அமைதியா இருந்திருக்கும்" என்றாள் மகள்.

55ஆம் எண் சாலையில் தெற்கே திரும்பியதும் சத்தம் குறைந்தது. தாது இருக்கும் நிலம் சாலைக்குக் கிழக்கே. இப்போது அது பழங்குடிகளின் சொத்து; உள்ளே போகாமல் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். மேப்பிள், பிர்ச், ஹெம்லாக். என் காலடியில் சரளை கலந்த மணல். கொஞ்சம் கையில் அள்ளிப் பார்த்தேன்: கிரானைட், பசால்ட், குவார்ட்சைட் எல்லாம் கலந்த வடக்கத்திக் கூட்டம். உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினால் உடனே வடிந்துவிடும் ரகம்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. தாதுவை மறைத்து வைத்திருந்த இந்தப் பனியாற்று மணல்தான் இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீர்ப்படுகை. லிட்டில் சாண்ட், டக், டீப் ஹோல், ஸ்கங்க் என்று சுற்றியுள்ள ஏரிகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. அடியில் 650 மீட்டர் ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டினால் உள்ளே ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இறைத்தால் மேலே மணலில் நீர்மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கும்? ஏரிகளின் அடியில் இருக்கும் சேறு எவ்வளவு இறுக்கம்? இரண்டும்தான் பல ஆண்டுகள் நிபுணர்களை மோதவிட்ட கேள்விகள். தாதுவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சண்டை முழுக்க அதன்மேல் கிடந்த மணலைப் பற்றித்தான்.

இன்னும் கொஞ்சம் தெற்கே மோல் லேக். சொகாகன் ஒஜிப்வே மக்களின் சிறு குடியிருப்பு. 1930களில்தான் அவர்களுக்கு இங்கே சட்டப்படி நிலம் கிடைத்தது. ஆனால் மக்கள் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இங்கே வாழ்கிறார்கள். ஊரை ஒட்டி ரைஸ் லேக். பெயருக்கேற்றபடி ஏரி முழுக்கக் காட்டரிசி. ஒஜிப்வே மொழியில் மனோமின். நம் நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம், வேறு பேரினம். ஆழமில்லாத, மெதுவாக நகரும் தண்ணீரில் தானாக விளைந்து, தானாக உதிர்ந்து, அடுத்த ஆண்டு மறுபடி முளைப்பது. இந்த வயல்களுக்காக 1806 வாக்கில் ஒஜிப்வே மக்களும் டகோட்டா மக்களும் இங்கே போரிட்டதைச் சாலையோரப் பலகை சொல்கிறது.

அறுவடைக் காலம். தூரத்தில் இரண்டு தோணிகள் தெரிந்தன. ஒருவர் நின்று நீண்ட கழியால் தள்ள, மற்றவர் உட்கார்ந்து ஒரு கோலால் தாளை வளைத்து இன்னொரு கோலால் மெல்லத் தட்டுகிறார். பழுத்த மணி தோணிக்குள் விழுகிறது. பாதி தண்ணீரில் விழும். அதுதான் அடுத்த ஆண்டு விதை. ஊரில் ஒரு கடையில் ஒரு பொட்டலம் வாங்கினோம். கடையில் இருந்த அம்மாளிடம் என் தொழிலைச் சொன்னேன். "எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று மகள் அவசரமாகச் சேர்த்ததும் சிரித்துவிட்டார்.

காட்டரிசிக்குப் பிடிக்காத ஒன்று சல்ஃபேட். நீரில் சல்ஃபேட் கூடினால், ஏரியடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சல்ஃபைடாக மாற்றும். அது வேரைக் கொல்லும். பக்கத்து மாநிலமான மினசோட்டா 1973இலேயே காட்டரிசி நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் சல்ஃபேட் என்று வரம்பு வைத்தது. பைரைட் காற்றில் கிடந்தால் வருவதும் அதே சல்ஃபேட்தான். தாது நிலத்துப் பக்கமிருந்து வரும் ஸ்வாம்ப் கிரீக் ஓடை இந்த ரைஸ் லேக்கில்தான் கலக்கிறது. வியாழக்கிழமை கோர் பெட்டியில் பார்த்த கந்தகத்துக்கும் இன்று தோணியில் விழுந்த மணிக்கும் நடுவே சில கிலோமீட்டர் ஓடைதான்.

செப்டம்பர் 4, திங்கள். உல்ஃப் நதிக்கரை, பிறகு மேடிசன்

திரும்பும் வழியில் 55ஆம் எண் சாலை உல்ஃப் நதியோடு சேர்ந்து இறங்குகிறது. ரைஸ் லேக் நீரும் கடைசியில் இதில்தான் வந்து சேரும். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் காட்டு நதிகளைக் காக்கச் சட்டம் போட்டபோது முதல் பட்டியலில் இருந்த எட்டு நதிகளில் இதன் கீழ்ப்பகுதியும் ஒன்று. டிரவுட் மீனுக்குப் பேர்போனது. கரையில் தூண்டில்காரர்கள் வரிசையாக.

நேற்றிரவு ஊர்க் கதையைத் தேதிவாரியாக எழுதி வைத்தேன். எக்ஸான் அனுமதிக்கு விண்ணப்பித்து, உலோக விலை சரிந்ததைக் காரணம் காட்டி 1986இல் விலகியது. 1993இல் ரியோ அல்காம் என்ற கனடா நிறுவனத்தோடு சேர்ந்து திரும்பியது. அரைத்த கழிவைக் கொட்டச் சுமார் 350 ஏக்கரில் மேடு எழுப்பும் திட்டம். சுத்திகரித்த நீரை உல்ஃப் நதியில் விடுவதற்கு எதிர்ப்பு வலுத்ததும், 38 மைல் குழாய் போட்டு விஸ்கான்சின் நதிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு அந்த நதிக்கரை ஊர்களுக்கும் பரவிவிட்டது. நீர் போகும் வழியை மாற்றினால், எதிர்ப்பும் அதே வழியில் போகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இதில் என்னைக் கவர்ந்தது கூட்டணி. 1980களின் பிற்பாதியில் இதே வட மாநிலத்தில் ஒஜிப்வே மக்கள் ஒப்பந்த உரிமைப்படி ஈட்டியால் மீன் பிடிக்க வந்தபோது, படகுத்துறைகளில் தூண்டில்காரர்கள் கூடிக் கல்லெறிந்தது உண்டு. சில ஆண்டுகளில் அதே இரு தரப்பும் ஒரே மேடையில். மீன் யாருக்கு என்று சண்டை போட்டவர்கள், மீனே இல்லாமல் போய்விடக் கூடாது என்பதில் ஒன்றானார்கள்.

சட்டப் பக்கம் இரண்டு பெரிய கட்டங்கள். 1995இல் மோல் லேக் மக்களுக்குத் தங்கள் எல்லைக்குள் வரும் நீரின் தரத்தைத் தாங்களே நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு கொடுத்தது. மாநில அரசு எதிர்த்து வழக்குப் போட்டது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடிகள் பக்கம் நின்றது. 2002இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அதாவது, ஓடையின் மேல்பகுதியில் சுரங்கம் வைப்பவர்கள் கீழ்ப்பகுதி ஏரியின் அளவுகோலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, 1998இல் வந்த மாநிலச் சட்டம். சல்ஃபைடு சுரங்கம் கேட்பவர்கள் முதலில் இரண்டு உதாரணம் காட்ட வேண்டும்: மாசு ஏற்படுத்தாமல் பத்தாண்டு இயங்கிய சுரங்கம் ஒன்று, மூடி பத்தாண்டு ஆகியும் மாசு கசியாத சுரங்கம் ஒன்று. எனக்குத் தெரிந்த சுரங்கங்களை எண்ணிப் பார்த்தேன். முதல் நிபந்தனைக்குச் சிலவற்றைச் சொல்லலாம். இரண்டாவதற்கு ரொம்ப நேரம் யோசித்தேன். அந்தச் சட்டத்தை 2017 இறுதியில் மாநிலம் நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் கிராண்டன் கதை முடிந்துபோயிருந்தது.

முடிந்த விதம்தான் விசித்திரம். எக்ஸான் விலகி, ரியோ அல்காமை பில்லிட்டன் வாங்கி, அது பிஎச்பியோடு சேர்ந்து என்று கைமாறிக்கொண்டே வந்த சொத்தை, 2003 அக்டோபர் 28 அன்று மோல் லேக் மக்களும் பக்கத்துப் பொட்டவாட்டமி மக்களும் சேர்ந்து 1 கோடியே 65 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிவிட்டார்கள். நிலம், கம்பெனி, கனிம உரிமை எல்லாம். சூதாட்ட விடுதிகளின் வருமானம் கைகொடுத்தது. வாங்கியதும் முதல் வேலையாக அனுமதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். உலகில் பல தாது நிலங்களை வாங்குவதற்குப் போட்டி நடந்து பார்த்திருக்கிறேன். தோண்டாமல் விடுவதற்காகவே ஒருவர் காசு கொடுத்து வாங்கியது வேறெங்கும் நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 6, புதன். மேடிசன்

இரவுச் சாப்பாட்டுக்குக் காட்டரிசி. மகள் முக்கால் மணி நேரம் வேகவைத்தாள். கறுப்பு நீள மணி வெடித்து வெள்ளை உள்பக்கம் தெரிந்தது. புகை வாசனை. வத்தக்குழம்புக்குப் பொருந்தவே இல்லை. வெண்ணெயும் உப்பும் போட்டபின் நன்றாக இருந்தது.

மாப்பிள்ளை நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "மாமா, ஒண்ணு கேக்கலாமா? துத்தநாகம் இல்லாம தகரம் துருப்பிடிக்காம இருக்குமா? செம்பு இல்லாம கரண்ட் வருமா? இவங்க ஆறைக் காப்பாத்திக்கிட்டாங்க, சரி. அப்ப அந்தத் துத்தநாகம் வேற எங்கயோ வேற யாரோ ஆத்துப் பக்கத்துலதானே தோண்டியிருப்பாங்க?"

சரியான கேள்வி. தோண்டவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சோறு போட்டது இந்தத் தொழில். "தோண்டலாம் மாப்பிள்ளை. ஆனா எந்தத் துத்தநாகத்தைங்கறதுதான் விஷயம்" என்று தொடங்கிக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

இதே மாநிலத்தின் தென்மேற்கில் நூறாண்டுக்கு மேல் துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். 1830களில் மேட்டில் வளை தோண்டித் தங்கிய ஈயச் சுரங்கத் தொழிலாளிகளால்தான் விஸ்கான்சினுக்கு 'பேட்ஜர் மாநிலம்' என்ற பட்டப்பெயரே வந்தது. கடைசித் துத்தநாகச் சுரங்கத்தை 1979இல் மூடினார்கள். அங்கே தாதுவைச் சுற்றியிருப்பது டோலமைட், சுண்ணாம்பின் தம்பி. அமிலம் பிறந்தாலும் பெரும்பகுதியைப் பக்கத்துப் பாறையே முறித்துவிடும். நம் ராஜஸ்தான் ஜாவரிலும் துத்தநாகம் டோலமைட்டில்தான். கிராண்டனில் நிலைமை நேர் எதிர். எரிமலைப் பாறைக்கு அமிலத்தை முறிக்கும் தெம்பு குறைவு. பைரைட்டோ மிக அதிகம். மேலே தண்ணீர் தங்குதடையின்றி ஓடும் மணல். கீழே ஒரு ஓடை. ஓடையின் முடிவில் சல்ஃபேட் தாங்காத ஒரு பயிர். உலோகக் கணக்கில் முதல் மதிப்பெண். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறவில்லை. இத்தனையும் 1975இலேயே தெரிந்துகொள்ளக்கூடிய புவியியல்தான். தாதுவை முப்பரிமாணத்தில் வரைவதற்கு எத்தனையோ துளை போட்டவர்கள், மணலின் நீரோட்டத்தை வரைய ஆரம்பத்திலேயே அதில் ஒரு பங்கு செலவிட்டிருந்தால், கால் நூற்றாண்டுச் சண்டையும் கோடிக்கணக்கான டாலரும் மிச்சமாகியிருக்கும்.

"அப்ப போராட்டம்?" என்றாள் மகள்.

போராட்டம் இல்லாவிட்டால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அது நிஜம். ஆனால் அவர்கள் கேட்டது எல்லாம் ஒரு நல்ல புவியியலாளன் முதல் துளைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை. நாங்கள் கேட்காததால் காட்டரிசி அறுக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் வந்து கேட்டார்கள்.

"மாமா, அப்படி எல்லாப் பாடத்துலயும் பாஸாகிற இடம் கிடைக்குமா?" என்றார் மாப்பிள்ளை.

"குறைவாத்தான் கிடைக்கும். தேடினாத்தான் தெரியும். இதுவரைக்கும் தாதுவை மட்டும் தேடினோம்" என்றேன். அவருக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. மிச்சப் பதில் விலையில் இருக்கிறது. ஆற்றுக்கு ஆகும் செலவையும் துத்தநாகத்தின் விலையில் சேர்த்தால், எந்தக் கட்டி லாபம், எது நஷ்டம் என்ற பட்டியலே மாறிவிடும்.

அக்டோபரில் சென்னையில் மாணவர்களுக்குத் தாது தேடல் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வழக்கமாகத் தாதுக் கட்டியின் குறுக்குவெட்டுப் படத்தோடுதான் தொடங்குவேன். இம்முறை முதல் படமாகக் கிராண்டனின் நீரோட்ட வரைபடம்; இரண்டாவது படமாக அதன்மேல் கிடக்கும் மணல் அடுக்கு. தாது மூன்றாவதாக வரட்டும்.